மஞ்சள் தண்ணீர் தெளித்த கதவு

நான் கடன்காரன் என்பது துடியலூர் வங்கியில்தான் எனக்கே தெரிந்தது. மகளின் படிப்புக் கடனுக்காகப் போயிருந்தோம். மேலாளர் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், உங்க பேர்ல கடன் பாக்கின்னு கோர்ட்டு டிக்ரி ஒண்ணு நிக்குதுங்களே. அத எடுத்துப்போட்டு வாங்க, அப்புறம் பாக்கலாமுங்க."

இத்தனை மரியாதையாக யாரும் என்னை வெளியே அனுப்பியதில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் நின்றோம். எதிர்க்காற்று லாரிப் புகையைக் கொண்டுவந்து முகத்தில் அப்பியது. பணம் கட்டும் கெடு தாண்டினால் மகளின் கல்லூரி இடம் இன்னொரு பிள்ளைக்கு.

வக்கீல் கோர்ட்டில் வழக்குக் கட்டை எடுத்துப் பார்த்துச் சொன்னார். பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் லேத் வாங்க பைனான்ஸில் கடன் எடுத்திருக்கிறான். ஜாமீன் நான். எதற்கோ என்று என்னிடம் வாங்கிய ரேஷன் கார்டு நகல், அதன்கீழே என் கையெழுத்து போல ஒன்று. என்னுடையதைவிட அழகாகவே இருந்தது. அவன் கட்டவில்லை. கார்டில் இருந்த பழைய விலாசம், சித்தப்பா குடும்பம் இப்போது குடியிருக்கும் எங்கள் பூர்வீக வீடு. கோர்ட்டு அமீனா அங்கே போய் என்னைத் தேடி, இல்லையென்றதும் சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டார். ஒட்டினால் எனக்குத் தெரிந்ததாகக் கணக்கு. நான் ஆஜராகவில்லை என்று ஒருதலையாகத் தீர்ப்பு.

ஒட்டிய தேதியைப் பார்த்தேன். அந்த வீட்டில் அவன் தங்கைக்குக் கல்யாணம் நடந்த வாரம். நானும் போயிருந்தேன். சிரித்தேன், சாப்பிட்டேன், அந்தக் கதவில் சாய்ந்துகொண்டு வெற்றிலை மென்றேன்.

போய்க் கேட்டபோது சித்தி மறைக்கவில்லை.

"பந்தக்கால் நட்ட ஊட்டுல கோர்ட்டுக் காயிதம் தொங்கலாமா கண்ணு? கிழிச்சு அடுப்புல போட்டுப்போட்டு, கதவுக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டேன்."

"எனக்கொரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க சித்தி?"

"கல்யாணத்துக்கு வந்த மனுசங்கிட்ட அதையா சொல்லுவாங்க?"

"கல்யாணம் முடிஞ்சு?"

சித்தி தன் மகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

சித்தி இதையே நீதிமன்றத்தில் சொன்னால்தான் எனக்குச் சம்மன் தெரியாது என்பது நிற்கும் என்றார் வக்கீல். தம்பிக்குக் கோபம் வந்தது. "எங்கம்மாவக் கோர்ட்டுப் படி ஏத்துவீங்களாண்ணா? ஊரு சிரிக்குமுங்க."

"நீ என்னைய ஏத்துனப்ப ஊரு தூங்கிட்டிருந்துச்சா?"

கடைசியில் பேரம் படிந்தது. சித்தி வருவார், பாக்கியை அவன் ஏற்றுக்கொள்வான். கள்ளக் கையெழுத்துக்காக நான் போலீசுக்குப் போகக்கூடாது. மகளின் இடத்தை நினைத்து வாக்குக் கொடுத்தேன்.

தீர்ப்பை ரத்துச் செய்யக் கேட்கும் மனுவோடு இன்னொரு மனுவும் வேண்டுமாம், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி. வாங்காத கடனுக்கு, பார்க்காத தாளுக்கு, நேரத்தில் வராததற்காக மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் கோடை விடுமுறை. நீதிமன்றம் பூட்டிக் கிடந்தது, வேப்பம்பூ உதிர்ந்த வாசலில் நாய்கள் படுத்திருந்தன. கல்லூரிச் சேர்க்கைக்கு விடுமுறையா, கெடுவுக்கு விடுமுறையா? இரண்டும் ஓடிக்கொண்டேயிருந்தன.

திறந்ததும் சித்தி வந்தார். கூண்டேறி உள்ளதைச் சொன்னார். வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அதே இனிப்பான குரலில், "சொல்லிப்போட்டேன் சாமி. இனி எங்க ஊட்டுப் பக்கம் வராத" என்றார்.

தீர்ப்பு ரத்தானது. வங்கியிலிருந்து மேலாளரே கூப்பிட்டார். "இப்ப உங்க பேர்ல ஒண்ணுமில்லீங்க சார். தாராளமா வாங்க." கல்லூரி இடம் போய்விட்டிருந்தது. மகள் பம்பு கம்பெனியில் பில் போடும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

செய்தியைச் சொன்னபோது துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"போலீசுக்குப் போக மாட்டேன்னு வாக்குக் குடுத்தீங்கல்ல, அதையும் ரத்துப் பண்ணலாமாப்பா?"

"அதுக்கெல்லாம் மனு இல்ல அம்மணி."

பிழிந்த துணியை உதறினாள். வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.