முடியா, நைலானா

ராஜராஜேஸ்வரி காப்பீட்டு அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்தவள். செத்தவர்களையும் சந்தேகித்தே பழகியவள்.

ஓய்வுக்குப் பிறகு நீர்வண்ணத்தில் மரங்கள் வரைந்தாள். பெரும்பாலும் குறுக்குத்துறை ஆற்றங்கரை மருதமரங்கள். குளித்து, திருநீறு பூசி, பூஜை முடித்த கையோடு உட்காருவாள். அதனால் தூரிகையில் மிருக முடி கூடாது. கணவர் குமரகுருபரன் மதுரையிலிருந்து வாங்கிவந்த நைலான் தூரிகை ஒன்று இருந்தது. தண்ணீரை வயிற்றில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஒரே இழுப்பில் கிளை தடிமனாகத் தொடங்கி ஊசியாக முடியும். இலைக்கொத்துகளுக்கு இன்னும் பெரியதாக ஒன்று வேண்டும்.

டவுனில் ஜீஷானின் ஓவியச் சாமான் கடையில் தூரிகைகளை ஒவ்வொன்றாக நனைத்துத் தாளில் இழுத்துப் பார்த்தாள். நைலான்கள் தண்ணீரை மொத்தமாகக் கொட்டின. இலைக்கொத்து தண்ணீர்க் குட்டையாகிவிட்டது. ஒன்றே ஒன்று தண்ணீரைப் பிடித்தது. அதிலிருந்து ஓர் இழையைப் பிடுங்கித் தீக்குச்சி கிழித்தாள். நைலான் என்றால் உருகி உருண்டையாகும். இது பொசுங்கியது.

“அக்கா, தீப்பெட்டிய உள்ள வையுங்க. கடை பூரா காயிதம்.”

“நைலான்னு ஒட்டியிருக்கு. முடி நாத்தம்லா அடிக்கி?”

“ஒட்டுனவன்கிட்ட கேளுங்க. தண்ணி நிக்கணும், முடியும் ஆகாதுன்னா நான் எங்கன போவேன்?”

“எங்க வீட்டுல இருக்கே. நைலான்தான். நிக்கி.”

ஜீஷான் சிரித்தான். “அதக் கொளுத்திப் பாத்தியளா?”

பார்த்ததில்லை. பஸ்ஸில் மனசுக்குள் அதுவே ஓடியது.

வீட்டில் மேசைமேல் பாதி மருதமரம் காய்ந்துகொண்டிருந்தது. பழைய தூரிகையையும் தீப்பெட்டியையும் எடுத்தாள்.

“அத எதுக்குளா கொளுத்துத?” குமரகுருபரன் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தேவிட்டார். கரண்ட் போனாலும் எழாத மனிதர்.

தீக்குச்சி தேவைப்படவில்லை.

“என்ன முடி?”

“அணிலுன்னான்.”

“வாங்கும்போதே தெரியுமா?”

“தெரியும். நைலான்னு சொன்னாத்தான நீ தொடுவ? பெறகு நீ போட்ட ஆலமரத்தப் பாத்தேன். சொல்ல வாய் வரல.”

“வேற என்னென்னத்துக்கு வாய் வரல?”

அவர் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். மோந்து பார்த்துவிட்டுக் குடித்தாள்.

தூரிகையைக் குப்பைக் கூடைவரை கொண்டுபோனாள். மருதின் வலப்பக்கம் கிளையில்லாமல் நின்றது. திரும்பிவந்தாள்.

மறுநாள் குளிக்காமல், கொல்லையில் துவைக்கிற கல்லருகே போய் உட்கார்ந்து மரத்தை முடித்தாள். தூரிகையை அலசி வெளிச்சுவரிலேயே வைத்தாள். முடிவெட்டிவிட்டு வந்தவர்களைப் போல, வீட்டுக்குள் எதையும் தொடாமல் நேரே போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். பிறகுதான் திருநீறு.

இப்போது தினமும் அப்படித்தான். முதலில் மரம், அப்புறம் குளியல். காப்பியை மோந்து பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.