மிச்சமிருந்த மருந்து

1997ஆம் ஆண்டு. சித்திரை முடிந்து மழை பிடித்திருந்த நேரம். தெரணியகலைக்கு மேலே உள்ள ஒரு இறப்பர் தோட்டத்தில், ஸ்டோரில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஸ்டோர் என்றால் கடை இல்லை. இறப்பர் பாலை எசிட் ஊற்றி உறைய வைத்து ஷீட் அடிக்கும் இடத்தைத்தான் தோட்டத்தில் அப்படிச் சொல்வோம். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கல்யாணமாகவில்லை. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில், அதாவது கடைசி அறையில், தனியாக இருந்துகொண்டு கோழி வளர்த்தேன்.

கோழி வளர்த்தேன் என்று இப்படிச் சாதாரணமாகச் சொன்னால் அன்றைய நான் கோபித்துக்கொள்வேன். லயத்தில் எல்லோரும்தான் கோழி வளர்த்தார்கள். என்னிடம் இருந்தது லைட் சசெக்ஸ் என்ற பழைய சீமை இனம். தோட்டத்தை விட்டுப் போன ஒரு துரை, ஒரு சேவலையும் இரண்டு பெட்டைகளையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே படம் போட்ட ஓர் ஆங்கிலப் புத்தகமும் கொடுத்தார். அந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் அங்கம் அங்கமாக எழுதியிருந்தது. உடம்பு பால் வெள்ளை. கழுத்து இறகு ஒவ்வொன்றும் நடுவில் கறுப்பு, ஓரத்தில் வெள்ளைக் கோடு. வால் கறுப்பு, கால் வெள்ளை. கால் மஞ்சளானால் கழித்துவிட வேண்டும். முதுகில் கறுப்புப் புள்ளி விழுந்தாலும் கழித்துவிட வேண்டும். எனக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனால் அந்த ஒரு பக்கம் மனப்பாடம்.

நான்கு வருடம் இதே வேலையாகக் கிடந்தேன். எந்தச் சேவலோடு எந்தப் பெட்டையை விடுவது, எந்தக் குஞ்சை வைப்பது, எதைக் கழிப்பது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். பதினான்கு கோழிகள் தேறின. அதில் ஒரு இளஞ்சேவல் புத்தகத்துப் படம் மாதிரியே வளர்ந்து வந்தது. இரத்தினபுரியில் நடக்கும் கோழிக் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையோடு தலைக்கனமும் சேர்ந்தே வளர்ந்தது.

பக்கத்துக் காம்பராவில் ஓர் அக்கா இருந்தார். ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. பால் வெட்டுக்குப் போவார். அவரிடம் ஐந்து பெட்டைகளும், கழுத்தில் மயிரே இல்லாத ஒரு சிவப்புச் சேவலும் இருந்தன. அந்தச் சேவல்தான் எனக்கு ஜென்ம எதிரி. நான் வேலைக்குப் போன ஒரு நாள் கம்பி வலையைத் தாண்டி என் பெட்டைகளோடு சேர்ந்துவிட்டது. எனக்கு அது தெரியாது. ஆசையோடு அடை வைத்த முட்டைகளிலிருந்து பதினொரு குஞ்சுகள் வந்தன. எல்லாம் தவிட்டு நிறம், மஞ்சள் கால்.

அன்று எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பதினொன்றையும் கழுத்தைத் திருகிப் போட உட்கார்ந்தேன். அக்கா ஓடி வந்தார்.

"கொல்லாதீங்க தம்பி. எங்கிட்ட குடுத்துருங்க. நம்ம கோழியோட கோழியா கெடந்துட்டுப் போகட்டும்."

"வேணாங்கா. இதுக இங்கனயே சுத்துனா திரும்பவும் எங்கூட்டுக்குள்ளதான் வந்து நிக்கும்."

அவர் உள்ளே போய்விட்டார். நான் பதினொன்றையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அதற்குப் பிறகு அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். கலவான என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கட்டிக்கொடுத்த பிள்ளை. ஐந்து மாதம்தான், ஆனால் முகத்தில் இரத்தமே இல்லை. கிளினிக்கில் மிட்வைஃப் அம்மா சோதித்துவிட்டு, உடம்பில் இரத்தம் ரொம்பக் குறைவு, தினமும் ஒரு முட்டையாவது கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அக்கா அன்றிலிருந்து கடைக்கு ஒரு முட்டைகூட விற்கவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் முட்டையை அவித்து, மகள் தின்று முடிக்கும் வரை முன்னாலேயே நிற்பார். "முழுங்குடி, வயித்துல இருக்கிறதுக்குத்தான்" என்று அவர் அதட்டுவது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும்.

அந்த நாட்களில் கீழ்த் தோட்டங்களில் கோழிகளுக்குக் கழிச்சல் நோய் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். உடனே லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி மிருக வைத்தியரின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த சிங்கள ஐயா ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் ஒரு சின்னப் போத்தலை வைத்துக் கொடுத்தார். "மல்லி, இதில் நூறு கோழிக்குப் போதுமான மருந்து இருக்கிறது. கரைத்த பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க முடியாது. உன் கோழிகளுக்குப் போட்டுவிட்டு மிச்சத்தை லயத்துக் கோழிகளுக்கும் போடு" என்று சிங்களத்தில் சொன்னார். மல்லி என்றால் தம்பி. "ஹரி மஹத்தயா", சரி ஐயா என்று பெரிதாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒரு கோழிக்கு ஒரு சொட்டு, கண்ணில். பதினான்கு சொட்டுப் போட்டு முடித்தேன். போத்தலில் மருந்து குறைந்த மாதிரியே தெரியவில்லை. அந்த நேரம் அக்கா இரண்டு பெட்டைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, மருந்து போடுறீங்க போலருக்கே. நம்மளுதுக்கும் ஆளுக்கொரு சொட்டு விட்டுருங்க. புள்ளைக்கு முட்டை இதுகளத்தான் நம்பியிருக்கு."

போத்தல் என் மடியில் துணிக்கு அடியில் இருந்தது. "தீந்துருச்சுக்கா" என்றேன்.

கொடுத்திருந்தால் எனக்கு என்ன குறைந்து போயிருக்கும்? ஒன்றும் இல்லை. அந்த மருந்தை நான் நாளைக்கு வைத்திருக்கவும் முடியாது. அந்த மொட்டைக் கழுத்துச் சேவலுக்கு என் கையால் மருந்து போடுவதா என்ற வீம்பு ஒன்றுதான் காரணம். இந்த லயத்துக் கோழிகள் இருந்தால் என்ன, செத்தால் என்ன என்றுகூட நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், நினைத்தேன்.

"பரவால்ல தம்பி, அடுத்த தடவ பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர் கதவுக்குள் நுழைந்ததும் நான் எழுந்து, லயத்துக்கு முன்னால் தண்ணீர் ஓடும் கானில் மிச்ச மருந்து முழுவதையும் ஊற்றினேன்.

மூன்று வாரம் கழித்து எங்கள் லயத்துக்கும் நோய் வந்தது. முதலில் நடுக் காம்பராவில் இரண்டு கோழிகள். அடுத்த நாள் ஏழு. பச்சையாகக் கழிந்தன, வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறின. கழுத்து முறுக்கிக்கொண்டு பின்பக்கம் திரும்பிவிடும். விடிந்தால் ஒவ்வொரு வாசலிலும் செத்த கோழி கிடக்கும். ஆம்பளைகள் இறப்பர் மரங்களுக்கு அடியில் குழி வெட்டிப் புதைத்தார்கள். நாய்கள் தோண்டி இழுத்து வந்து திரும்பவும் வாசலில் போட்டன. அந்த நாற்றத்தில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அக்காவின் கோழிகள் மூன்றே நாளில் போய்விட்டன. கடைசிப் பெட்டை கழுத்து திருகிப்போய், ஒரே இடத்தில் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்து, கரண்டியால் அதன் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் என் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

என் பதினான்கு கோழிகளுக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. இருபது காம்பரா லயத்தில் விடியற்காலை ஒரே ஒரு சேவல் கூவியது. அது என் சேவல். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

ஜனங்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழெட்டுப் பேர் என் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். நான் போத்தலிலிருந்து எதையோ கானில் ஊற்றியதை மேல் லயத்து இளைஞன் ஒருவன் பார்த்திருக்கிறான். ஸ்டோரில் வேலை செய்கிறவன், எசிட் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறான், அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் கோழிகள் செத்தன என்று கதை கட்டியாகிவிட்டது.

"நாங்க சண்டைக்கு வரல. கான்ல என்னா ஊத்துனீங்க? அத மட்டும் சொல்லுங்க" என்றார் தலைவர்.

எசிட் இல்லை என்று சொல்லலாம். பின்னே என்ன என்று கேட்பார்களே! மருந்து என்றால், நம்ம கோழிகளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மருந்தையா ஊற்றினாய் என்று கேட்பார்களே! அவர்கள் சொல்லும் குற்றத்தைவிட நான் செய்தது மோசம். பேசாமல் நின்றேன். அந்த இளைஞன் என் கூட்டுக் கதவின் கம்பியை அவிழ்க்கத் தொடங்கினான்.

அப்போதுதான் அக்கா வெளியே வந்தார்.

"யாரும் அதுல கைய வைக்காதீங்க. அது எசிட்டு இல்ல. டவுனுக்குப் போயி மருந்து கொண்டாந்து போட்டாரு, நான் கண்ணால பாத்தேன். நம்ம கோழிக்கும் கேட்டேன், தீந்துருச்சுன்னாரு. இருந்துருந்தா குடுக்காம இருப்பாரா? போத்தல கழுவி ஊத்திருப்பாரு."

தலைவர் என்னைப் பார்த்து, "அப்புடியா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள். அந்த இளைஞன் மட்டும் நின்று, "மனசுல வச்சுக்காதீங்கண்ணே" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். என்னிடம் மன்னிப்பு!

அன்றிலிருந்து அடை வைக்க எடுத்து வைத்திருந்த முட்டைகளை அக்காவுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். தினமும் இரண்டு. "குஞ்சு பொரிக்கிற முட்டையாச்சே தம்பி" என்று முதல் நாள் தயங்கினார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆனால் கோழிகள் செத்ததற்கும் நான் கொடுக்கத் தொடங்கியதற்கும் இடையில் இரண்டு வாரத்துக்கு மேல் போயிருந்தது. அத்தனை நாளும் அந்தப் பிள்ளை வெறும் ரொட்டியும் சம்பலும் தின்றிருந்தாள்.

ஏழாவது மாதத்திலேயே அவளுக்கு வலி வந்துவிட்டது. தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோகூட இல்லை. நான்கு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த முட்டைகள் இருந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. எந்த டாக்டரிடமும் கேட்கும் தைரியம் வரவில்லை.

மழையில் புதைத்துவிட்டு வந்தோம். அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போகப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"லயத்துல ஒரு கோழி இல்லாத நேரத்துல எம்புள்ளைக்கு நீங்கதான் முட்டை குடுத்தீங்க. கூடப் பொறந்தவன்கூட இப்புடிச் செய்ய மாட்டான் தம்பி. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

இப்போது சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. சொல்லவில்லை.

கண்காட்சிக்கு நான் போகவில்லை. அந்தச் சேவல் படத்தில் இருந்த மாதிரியே நின்றது. எனக்குத்தான் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அடுத்த வருடம் அக்கா மகளோடு கலவான பக்கம் போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து, எப்படியும் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறிப் போனேன். என்னைக் கண்டதும் அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மருமகனைக் கூப்பிட்டு, சம்பந்தியைக் கூப்பிட்டு, "நான் சொல்வேன்ல, இவருதான் அந்தத் தம்பி" என்று காட்டினார். தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். 2006இல் அவர் இறந்துபோனதாகச் செய்தி வந்தது.

இப்போதும் மருந்து வாங்கினால் போத்தல் காலியாகும் வரை வீடு வீடாகப் போய்ப் போடுகிறேன். நல்ல மனுஷன் என்கிறார்கள். எனக்கு அது காதில் ஏறுவதில்லை. அக்கா உண்மை தெரிந்து என்னைக் காறித் துப்பியிருந்தால், அந்த அவமானத்தை என்றைக்காவது மறந்திருப்பேன். அவர் என் கையைப் பிடித்துச் சொன்ன நன்றியைத்தான் இத்தனை வருடமாகியும் என்னால் தாங்க முடியவில்லை.