மேனேஜர் சார் வீட்டுப் பிரிண்டருக்குக் கோடு கிடைத்த விதம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். எந்த இடத்தில் எந்த ‘ர’ போடுவது என்று இன்றைக்கும் தடுமாறுவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பிரிண்டர் பேசுகிற ஆங்கிலம்தான்: ரெடி, பேப்பர் ஜாம், டோனர் லோ. அதை வைத்துக்கொண்டே அரூரில் ஒரு சர்வீஸ் கடையில் பல வருடங்களை ஓட்டிவிட்டேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு உதவும், எழுதிக்கொடு என்று சங்கத்தில் கேட்டார்கள். நேரில் பேசச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். எழுதுவதில் ஒரு வசதி, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

1. அக்னி மூலை

பாப்பிரெட்டிப்பட்டியில் ராஜமாணிக்கம் என்று ஒருவர். ஓர் அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டில் தொங்கும் பலகையில் ‘மேலாளர்’ என்பது பெரிய எழுத்தில் இருக்கும். ‘ஓய்வு’ என்பதைப் படிக்க வண்டியை விட்டு இறங்க வேண்டும். ஊரே அவரை மேனேஜர் சார் என்றுதான் கூப்பிடும். வீட்டு மேஜையிலும் ‘உள்வரும்’, ‘வெளிச்செல்லும்’ என்று எழுதிய இரண்டு தட்டுகள் வைத்திருந்தார்.

அவருடைய அலுவலகத்தில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கேட்டிருக்கிறார். அது வேறொருவருக்குப் போய்விட்டது. அந்த ஆத்திரத்தில் பிரிண்டரை எடுத்துவிட்டார். பீரோவில் பாதி உயரம், லேசர் பிரிண்டர், குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது. அதை வீட்டுக் கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள்.

பிரிண்டரை எங்கே வைப்பது என்பதிலேயே காலைப்பொழுது பாதி போனது. சாருடைய மனைவிதான் முடிவு செய்தார்.

“பேப்பரு சுடச்சுட வருமாமே? சுடற மெஷினு அக்னி மூலையிலதான் இருக்கணும்.”

அக்னி மூலை என்றால் சமையலறை. நெட்வொர்க் பிரிண்டர் கம்ப்யூட்டர் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. ரௌட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் போனால் போதும், எந்த அறையிலும் வைக்கலாம். இதை நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். முன்னறை ரௌட்டரிலிருந்து பூஜையறை நிலைக்கு மேலாகக் கேபிளை இழுத்து, ஃபிரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் பிரிண்டரைக் குடியேற்றினேன்.

அங்கே தோசை சுட்டுக்கொண்டிருந்த மருமகள் சுகந்தி என்னிடம் மெதுவாகக் கேட்டது ஒன்றுதான்.

“அண்ணா, இன்னிக்கே பிரிண்ட் வந்துடுமுங்களா? நாளைக்குக் காலையில தருமபுரியில எனக்கு எக்ஸாம். ஹால் டிக்கெட் எடுக்கணும்.”

அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வு. ஒரே ஒரு பக்கம். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் இரண்டு நிமிட வேலை. ஆனால் விண்ணப்பம் போட்டதே மாமனாரின் மெயிலில். பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான். அவரோ விடுவதாக இல்லை.

“வூட்ல இவ்ளோ பெரிய பிரிண்டர வெச்சிக்கிட்டு நம்மூட்டுப் பொண்ணு கடையில போய் நின்னா, நாலு பேரு என்னா நெனப்பாங்க?”

நான் தரையைப் பார்த்துக்கொண்டே, “பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தீங்கன்னா நான் எங்க கடையில எடுத்து...” என்று தொடங்கினேன்.

“அப்ப நீ எதுக்கு வந்த?” என்றார்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டேன்.

2. பழைய விலாசம்

இளைஞர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். அலுவலகத்திலிருந்து வரும் பழைய நெட்வொர்க் பிரிண்டரில் பெரும்பாலும் அங்கே போட்ட ஐ.பி. விலாசமே நிலையாக இருக்கும். இது 10 என்று தொடங்கும் விலாசத்தில் உட்கார்ந்திருந்தது. வீட்டு ரௌட்டர் கொடுப்பதோ 192.168 என்று தொடங்கும் விலாசம். கேபிள் சரி, லைட் எரிகிறது, ஆனால் கம்ப்யூட்டருக்குப் பிரிண்டரைத் தெரியவே இல்லை.

“என்னாய்யா பிரச்சினை?”

“மெஷினு இன்னும் ஆபீஸ்லயே இருக்கறதா நெனச்சிக்கிட்டு இருக்குதுங்க சார்.”

நான் பிரிண்டரைப் பற்றித்தான் சொன்னேன். சமையலறையிலிருந்து யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

பேனலில் நெட்வொர்க் மெனுவுக்குள் போய், பழைய விலாசத்தை எடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் என்று மாற்றி, மெஷினை அணைத்துப் போட்டால் புது விலாசம் வாங்கிக்கொள்ளும். அதைச் செய்ய விரலை வைத்தபோது மணி ஒன்றாகிவிட்டது.

“லஞ்ச் டைம். ரெண்டு மணிக்கு மேல பாத்துக்கலாம்” என்று சார் எழுந்துவிட்டார்.

சுகந்தி எனக்குச் சோறு போட்டுவிட்டு, பிரிண்டரை ஒரு பார்வையும் கடிகாரத்தை ஒரு பார்வையும் பார்த்தபடி நின்றது.

3. கோடு

இரண்டு மணிக்கு மேல் விலாசத்தை மாற்றி, கம்ப்யூட்டரில் டிரைவர் மென்பொருள் போட்டு, ஹால் டிக்கெட்டை அனுப்பினேன். சமையலறையில் பிரிண்டர் உறுமியது. வீடே ஓடிப்போய் நின்றது. பேப்பர் வரவில்லை. பேனலில் ஒரு கட்டம் வந்தது: கோடு போடவும். ரகசிய எண் கேட்கிறது.

“சார், ஒவ்வொரு பிரிண்டுக்கும் கோடு கேக்கற மாதிரி யாரோ பூட்டி வெச்சிருக்காங்க.”

“யாரோ இல்ல. நாந்தான்” என்றார் சார். குரலில் பெருமை குறையவில்லை. “சொந்த வேலைக்கெல்லாம் பிரிண்ட் எடுத்தானுங்க. எல்லாத்தையும் நிறுத்துனது நானு.”

“அப்ப கோடு சொல்லுங்க சார்.”

சார் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பிக்கொண்டார். கோடு போட உத்தரவு கொடுத்தது அவர். போட்டது கிளார்க் முனிரத்தினம். அதன் பிறகு சார் எதையும் தானே பிரிண்ட் எடுத்ததில்லை. எடுத்து வரச் சொல்லித்தான் பழக்கம்.

நான் சாத்தியமான எண்களையெல்லாம் போட்டுப் பார்த்தேன். தவறு, தவறு என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் ஆனது. வேறு வழியில்லாமல் சார் முனிரத்தினத்துக்குப் போன் போட்டார். அவருக்குப் போனைக் காதில் வைக்கும் பழக்கமில்லை, எப்போதும் ஸ்பீக்கர்தான்.

“முனிரத்தினம், நல்லாருக்கியா?”

“நல்லாருக்கனுங்க. யாருங்க பேசறது?”

“நாந்தாம்பா, மேனேஜரு.”

“மேனேஜரு இங்க எதுருல உக்காந்திருக்காருங்களே... ஓ, பழைய சாருங்களா. சொல்லுங்க சார்.”

“அந்தப் பிரிண்டர் கோடு என்னாப்பா?”

“ஆபீஸுக்குச் சம்பந்தமில்லாத ஆளுக்குக் கோடு சொல்லக்கூடாதுங்க சார். ஆர்டரு இன்னும் செவுத்துல ஒட்டியிருக்குது.”

“அந்த ஆர்டர் போட்டதே நான்தானய்யா.”

“அதனாலதாங்க சார் பயமா இருக்குது.”

சார் கொஞ்சம் இறங்கினார். “பழசயெல்லாம் மனசுல வெச்சிக்காத.”

“ஒன்னும் வெக்கலீங்க சார். எம்பொண்ணு பப்ளிக் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் ஒரு பக்கம் எடுத்தன். மெமோ குடுத்தீங்க. மறுநாளே பூட்டுப் போடச் சொன்னீங்க. அவ்ளோதாங்க.”

சார் என்னைப் பார்த்தார். நான் கேபிளைப் பார்த்தேன். அப்போது சுகந்தி, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, மாமனார் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டது.

“அண்ணா, நான் சார் மருமக பேசறன். எனக்கு நாளைக்கு எக்ஸாமுங்க. எடுக்க வேண்டியது ஹால் டிக்கெட்டுதாங்க.”

அந்தப் பக்கம் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

“ஒரே பக்கமாம்மா?”

“ஒரே பக்கங்க.”

“ஸ்பீக்கர ஆஃப் பண்ணிட்டுக் காதுல வையும்மா.”

சுகந்தி கேட்டுக்கொண்டது. பிரிண்டரை மறைத்துக்கொண்டு நின்று எண்களை அழுத்தியது. ஹால் டிக்கெட் சூடாக வந்து விழுந்தது. அதை எடுத்துக் கன்னத்தில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டது.

“என்னா நம்பரு, சுகந்தி?”

“யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாருங்க மாமா. உங்க ஆர்டராம்.”

“சரி, தெரு லைட்டு மனு ஒன்னு இருக்குது. அதயும் பிரிண்டுக்கு விடு.”

“எத்தன பக்கங்க?”

“பதினொன்னு.”

“எக்ஸாம் முடிச்சிட்டு வந்து பாக்கறங்க மாமா.”

4. டோனர் மாற்றப் போனபோது

நடந்ததைக் கடை முதலாளியிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “நெட்வொர்க் மெனுவுக்குள்ள போன இல்ல? அதுலயே ரெண்டு பக்கம் தள்ளிப் போயிருந்தா, கோடே வேணாம்னு ஒரு ஆப்ஷன் இருந்திருக்கும்” என்றார். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே திறந்துவிட்டிருப்பேன்.

சில மாதம் கழித்து டோனர் மைத்தூள் மாற்றப் போனேன். தேர்வு முடிவு இன்னும் வரவில்லையாம். சமையலறையில் ஒரு மாற்றம் தெரிந்தது. ‘உள்வரும்’ தட்டு இப்போது ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. மேனேஜர் சார் ஒரு மனுவோடு வந்து நின்றார்.

“சுகந்தி, இது கொஞ்சம் அவசரம்.”

“தட்டுல வெச்சிட்டுப் போங்க மாமா. கொழம்பு எறக்கிட்டுப் பாக்கறன்.”

வைத்துவிட்டு என்னை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஏம்பா, அந்தக் கோட எடுக்கவே முடியாதா?” என்றார்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். ஏலப் பிரிண்டரைத் தூக்குவதற்கு முன்பே கோடு கேட்டு வாங்குங்கள். ஒரு வீட்டுக்குள் போனதும், பிரிண்டரை வாங்கியது யார் என்பதைவிட யாருக்குப் பிரிண்ட் வேண்டியிருக்கிறது என்பதைப் பாருங்கள். மெனு முழுவதையும் கற்றுக்கொள்ளுங்கள். கற்ற எல்லாவற்றையும் எல்லா வீட்டிலும் செய்துகாட்ட வேண்டியதில்லை.

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“பழைய மெஷினுங்க சார். முடியாதுங்க.”

எழுதி முடித்தது: விஜயதசமி, கடை விடுமுறை.