மோர் மிளகாய் காய்ந்த கூரை

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற என் மடக்கு வீட்டைக் கெடுத்தது மழையுமல்ல, வெயிலுமல்ல. என் அற்பப் பெருமைதான். எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் தெருவில் உள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள்.

கோயம்புத்தூரில் ஒருவரிடம் பழசாக வாங்கியது. மடித்தால் நெஞ்சுயரப் பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் நான்கு மூலையிலும் இரும்புக் கால்கள் நீண்டு கூரையைத் தூக்கும். சுற்றிலும் கேன்வாஸ் சுவர், உள்ளே இரண்டு படுக்கை. கோவில்பட்டிக்குக் கொண்டுவந்து வீட்டுப் பக்கத்துக் காலிமனையில் நிறுத்தினேன். ஒன்றரை வருடம் நின்றது. நிறுத்திய புதிதில் ஒருநாள் எதிர்வீட்டு அம்மா கேட்டார்: "அண்ணாச்சி, சும்மாதான கெடக்கு. இதுமேல கொஞ்சம் மோர் மிளகாய் காயப் போட்டுக்கிடட்டுமா?"

இத்தனை வருடத்தில் அந்தத் தெருவில் என்னிடம் யாரும் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. "தாராளமா" என்றேன். மறுவாரம் தெருவே வந்தது. உப்பு மோரில் ஊறிய மிளகாய் சொட்டச் சொட்டக் கூரையில் பரவியது. நான் ஏதோ அணையைத் திறந்துவைத்தவன் போல நடமாடினேன். சொட்டிய மோர் எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை. வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. ஒன்றிலும் அது இல்லை.

என் மனைவிக்கு வங்கியில் வேலை. கல்யாணம், காதுகுத்து, துக்கம் எதுவுமில்லாமல், சும்மா இருப்பதற்கென்றே அவள் போட்ட முதல் விடுப்பு அது: வெள்ளி முதல் திங்கள் வரை, மணப்பாடு கடற்கரையில், இந்த மடக்கு வீட்டில். கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு, திங்களன்று கூரையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு மூலை எழுந்தது; இரண்டு மூலை அசையவில்லை.

"வியாழக்கிழமைக்குள்ள நின்னா வாரேன். இல்லேன்னா லீவைக் கேன்சல் பண்ணிட்டு பேங்குக்கே போறேன். அங்கன கூரையாவது தலையில விழாது" என்றாள்.

கயத்தாற்றில் லாரிக்கு பாடி கட்டுகிற ஆசாரி ஒருவர் செவ்வாய் காலை வந்தார். கூரைச் சட்டத்தின் மூலைக்கட்டையில் திருப்புளியை வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போனது.

"இத்துப்போனதுக்கு மேல யாரு பவுடர் பூசுனது?"

"நாந்தான். பட்டி வச்சு பெயிண்ட் அடிச்சேன்."

மக்கிய தூளைக் கிள்ளி நாக்கில் வைத்தார். "உப்பு கரிக்கே. கடல்ல முக்குனியளா?"

"இல்ல. மோர் மிளகாய்."

அவர் சிரிக்கவில்லை. அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

மக்கிய இடத்தையெல்லாம் வெட்டினார். "இந்தப் பக்கம் நல்லாத்தான இருக்கு?" என்று நான் கெஞ்சக் கெஞ்ச, உளி இறங்க மறுக்கிற நல்ல மரம் வரும்வரை நிறுத்தவில்லை. லாரிக்குப் போடுகிற கட்டையை அளந்து ஒட்டுப் போட்டார். துருப்பிடித்த இரண்டு கால்களை லேத் பட்டறையில் புதிதாகச் செய்து வாங்கினார். கூரையைத் தூக்குகிற கம்பிக் கயிற்றை மாற்றினார். கூரை விளிம்பை மோர் நுழையாதபடி அடைத்தார்.

வியாழன் மதியம் கடைசி இரும்புக் காலை மாட்டும்போது கூரையை ஆட்கள் பிடிக்க வேண்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா நாலு பெண்களோடு வந்து சேலையை இழுத்துச் செருகினார். "எங்க மிளகாய் செஞ்ச வேலைதான, நாங்க பிடிக்கோம். அண்ணாச்சி, நீங்க நடுவுல நிக்காம தள்ளி நில்லுங்க." தள்ளி நின்றேன். வேலை சீக்கிரம் முடிந்தது.

ஆசாரி கைகழுவி, தூக்குச்சட்டியோடு உள்ளே போய், புதுக் கால் நின்ற மூலைக்கு நேர்கீழே சம்மணமிட்டார்.

"வெளிய நிழல்ல வந்து சாப்பிடுங்களேன்" என்றேன்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. விழுந்தா மொதல்ல என் தலையில விழட்டும். நாளைக்கு அக்கா படுக்கணும்லா."

எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்கள். அதன் அடியில் உட்கார்ந்து சோறு தின்று காட்டியவர் அவர் ஒருவர்தான். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மனைவி வாசலில் நின்று இதைப் பார்த்தாள். வீட்டுக்குள் போய்ப் பரணிலிருந்து பயணப் பையை எடுத்தாள்.

மணப்பாட்டில் நான்கு நாள் கடற்காற்று அடித்தது. கூரை ஒரு விரற்கடை கூடத் தாழவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அளந்து பார்த்தேன். மனைவி தூங்கினாள், எழுந்தாள், மறுபடி தூங்கினாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஆசாரியையும் அந்த ஐந்து பெண்களையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

திரும்பி வந்ததும் எதிர்வீட்டு அம்மா கேட்டார்: "கடல் எப்படிக்கா இருந்துச்சு?"

"கடல் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் மனைவி. "இவியதான் அதுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, நாலு நாளும் கூரையவே பாத்துட்டு இருந்தாவ. அதுக்கு இங்கனயே நிறுத்திப் பாத்திருக்கலாம்."