சந்தனப் பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

அந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்கின் மேல் மாமா வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் அழியவில்லை. வைத்த மனிதர்தான் இல்லை. கடலூரில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைச் செருகினேன். நீல விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை.

மாமா என் அக்காவின் கணவர். சிதம்பரத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எடுப்பார், நான் எடிட் செய்வேன். காட்டுமன்னார்கோயில், குமராட்சி என்று எந்த மண்டபத்துக்குப் போனாலும் கேமராவுக்குப் பின்னால் அவர் வாய் ஓயாது. "அவுங்கள கொஞ்சம் நவுரச் சொல்லுங்க." "பொண்ணு, தலைய நிமித்தும்மா." கை ஆடிவிட்டால், லைட் போய்விட்டால், அதே பதிவில் எனக்கும் ஓர் உத்தரவு இருக்கும்: "மச்சான், இத வெட்டிடு." நானும் வெட்டிவிடுவேன். அவர் பேசிய இடத்திலெல்லாம் நாதஸ்வரத்தை ஏற்றி மறைப்பதுதான் என் வேலை. ஊர் ஊராக நாங்கள் கொடுத்த வீடியோக்களில் அவர் முகமும் இல்லை, குரலும் இல்லை. மாரடைப்பில் அவர் போன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. போனில் பேசியதை யார் பதிவு செய்து வைக்கிறார்கள்? வெட்டாத பதிவுகள் இருந்தது இந்த ஒரு டிஸ்கில் மட்டும்தான்.

அதைக் கொடுக்கும்போது அக்கா கேட்டாள், "உங்க மாமா கொரலு இதுல இருக்குமாடா?" இருக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கேபிளை மாற்றினேன். வேறு போர்ட்டில் செருகினேன். ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரிலும் பார்த்தாயிற்று. காதருகே வைத்தால் உள்ளே எதுவோ சுற்றத் தொடங்கி நின்றுவிடும். சர்வீஸ் கடைக்காரர், "பிரிச்சுப் பாக்கணும் சார், கேரண்டி சொல்ல முடியாது" என்றார். பயந்துபோய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அக்கா போன் செய்தபோது எடுக்கவில்லை. வீட்டில் பேசிக்கொள்ள வேறு ஆளும் கிடையாது. சாப்பிடும்போதுகூட அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தனியாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

ஒரு காலையில், கேபிளை விரலால் அழுத்திப் பிடித்தால் விளக்கு எரிகிறது, விட்டால் போகிறது என்பதைக் கவனித்தேன். கழற்றி, செருகும் துளையில் டார்ச் அடித்தேன். உள்ளே மஞ்சளாகக் காய்ந்த சந்தனம்! சிரிப்பு வந்துவிட்டது. ஆயுத பூஜையன்று கேமரா, ஸ்டாண்டு, மௌஸ் எதையும் மாமா விடமாட்டார். "ஓட்ட இல்லாத எடமா பாத்து வைங்க மாமா" என்பேன். "இதுக்கு மட்டும் கம்மியா வெச்சா கோச்சிக்கும் மச்சான்" என்று இன்னும் கொஞ்சம் அப்புவார்.

பல் குத்தும் குச்சியால் மெல்லச் சுரண்டி, பிரஷால் தட்டிவிட்டுச் செருகினேன். விளக்கு நிலைத்து எரிந்தது. முதலில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் காப்பி செய்தேன். அதன் பிறகே ஒன்றைத் திறக்கத் தைரியம் வந்தது. வடலூர்க் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் யாரோ இடிக்க, படம் கூரைக்குப் போகிறது. மின்விசிறி சுற்றுகிறது. பின்னாலிருந்து அந்தக் குரல்: "அய்யய்யோ... மச்சான், இத வெட்டிடு."

"மாட்டேன் மாமா" என்று வெறும் வீட்டில் சத்தமாகச் சொன்னேன். அழுதேன்.

பிறகு அக்காவைக் கூப்பிட்டு, அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டு, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். பதிவு ஓடி முடிந்தது.

"இன்னொரு வாட்டி போடுடா" என்றாள்.

போட்டேன். துளையைத்தான் துடைத்தேன், மேலே இருந்த பொட்டைத் தொடவில்லை.