றுக்கியா ராத்தாவுக்காக வளர்ந்த கோழிகள்

மதுரங்குளிக்கு மேற்கே, கடல்நீர்க் களப்புக் காற்று அடிக்கும் வெளியில் இருக்கிறது உசனார் நானாவின் கோழிக் கொட்டில். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடையோடு வந்தவர். அகதி முகாமில் வைத்துத்தான் றுக்கியா ராத்தாவை நிக்காஹ் செய்தார். பிள்ளைகள் இல்லை. அவருக்கு ராத்தா, ராத்தாவுக்கு அவர், இருவருக்கும் கோழிகள். நான் பக்கத்து வளவுக்காரி; அண்ணன், அக்கா முறையில் நானா, ராத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

ராத்தாவுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். பொரித்த கோழித்தோல் என்றால் உயிர். முதல் தடவை நெஞ்சு அடைத்து, சிலாபம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியபோது, இரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டது என்று டொக்டர் குளிசை கொடுத்தார். கோழித்தோலை மறந்துவிடச் சொன்னார். கோழிக்காரன் பெண்சாதி அன்றிலிருந்து பருப்பைப் பிசைந்துகொண்டு அழுதார். நானாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆப் பிரசங்கத்தில் கருஞ்சீரகத்தின் பெருமையைக் கேட்டுவிட்டு வந்தார். எங்கள் வீடுகளில் தடிமன் காய்ச்சலுக்கும் கருஞ்சீரகம்தான், பிள்ளைப்பேற்றுக்கும் கருஞ்சீரகம்தான். அதில் குற்றமில்லை. ஆனால் இந்த மனிசன் அதைப் பெண்சாதிக்குக் கொடுக்காமல் கோழிக்குக் கொடுத்தார்! உள்ளிப்பூண்டு, முருங்கையிலை, கருஞ்சீரகம் எல்லாவற்றையும் காயவைத்து இடித்துக் கோழித் தீனில் கலந்தார்.

"கோழிட கொழுப்புப் போனா அவ தோலோட தின்னலாம்தானே" என்றார்.

அந்த நேரம் பார்த்து, தீனில் மூலிகைத் தூள் கலப்பது பற்றி ஆராய்ச்சி செய்யும் நஸ்ஹா என்ற பல்கலைக்கழகப் பிள்ளை வந்து கோழிகளின் இரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து, இரத்தத்தில் கொழுப்பு உண்மையாகவே குறைந்திருப்பதாகச் சொன்னாள். நானும் அங்கேதான் நின்றேன்.

"இது கோழிட ரத்தத்துக்கு மட்டும்தான் நானா. இறைச்சில பெரிய வித்தியாசம் இல்ல. ராத்தாட குளிசைய நிப்பாட்டிடாதீங்க" என்றும் சொன்னாள்.

அந்த மனிசனுக்கு முன்பாதி மட்டும்தான் காதில் ஏறியது. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கோழிக்குக் குறைந்த கொழுப்பு நானாவுக்குக் கூடிவிட்டது என்று சந்தியில் சிரித்தார்கள்.

அன்று பின்னேரமே ஒரு கோழியை அறுத்துத் தோலோடு பொரித்தார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. குளிசை போட்டால் கால் உளைகிறது என்று ராத்தா அதை அலுமாரிக்குள் போட்டுவிட்டார். நான் போய்ச் சண்டை பிடித்தேன்.

"போடி. மருந்தெல்லாம் கோழி திண்டுட்டு. நான் கோழியத் திங்கிறன்."

நானாவிடம் சொன்னால், "அவ சிரிச்சுச் சாப்பிட்டு எவ்வளவு காலம்" என்றார்.

பெருநாள் கழிந்த கிழமை, விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழு எடுக்கப் போன ராத்தா கிணற்றடியில் சரிந்தார். வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்னே மௌத்தாகிவிட்டார்.

புரொய்லர் கோழிக்கு வளர்த்தி முடிந்தால் அறுத்தே ஆகவேண்டும். மூன்றாம் நாள் அவருக்காகக் குர்ஆன் கத்தம் ஓதி ஊருக்குச் சோறு கொடுத்தபோது, ராத்தாவுக்கென்று வளர்ந்த அந்தக் கோழிகளைத்தான் ஆக்கினோம். கொழுப்பே இல்லாத நல்ல இறைச்சி என்று வந்தவர்கள் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்கள். நானா எல்லோருக்கும் கறி ஊற்றிக்கொண்டு திரிந்தார். தன் வாயில் ஒரு பிடி வைக்கவில்லை.

இப்போது கொட்டிலில் புதுக் குஞ்சுகள். நேற்று மறுபடியும் உரல் சத்தம் கேட்டது. கோபத்தோடுதான் போனேன்.

"இனி ஆருக்கு நானா இது?"

அவர் நிமிரவில்லை.

"இதுகளுக்காவது நெஞ்சு அடைக்காம இரிக்கட்டும்."

குஞ்சுகள் தீனைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தன. அறுவைக்கு ஏற்றிப்போக அடுத்த மாதம் லொறி வரும். அது அவருக்குத் தெரியாததல்ல. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.