தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு தேர்வு

2008 புரட்டாசி, மின்வெட்டுக் காலம் என்று டைரியில் குறித்திருக்கிறேன். ஆரணி பேருந்து நிலையத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டரில் மின்னஞ்சல் பார்க்கிறேன். பக்கத்து நாற்காலியில் கலா, புடவைக் கடையில் கணக்கு எழுதுபவர். ஐரோப்பாவின் பெரிய வணிகக் கல்லூரி ஒன்றில் இணையம் வழியே பட்டம் படிக்கிறார். மூன்று மணிக்கு அவருக்கு வாய்மொழித் தேர்வு. சுவருக்கு அப்பால் விசைத்தறிகள் இரைகின்றன.

"மூணு மணிக்கு கரண்ட் போயிடும், தறி நிக்கும்னுதான் சார் இந்த டைம் கேட்டேன். கரண்ட் போனாலும் இந்த சென்டர் பேட்டரியில ஓடும். இன்னிக்குப் பாத்து கரண்ட் போவல!" என்கிறார் என்னிடம்.

எழுந்து ஜன்னல் வழியே கத்துகிறார்: "அண்ணே, கொஞ்ச நேரம் நிறுத்துங்கண்ணே! வாத்தியார் லைன்ல வந்துகினு கீறாரு."

"கரண்ட் இல்லாம பேஜாராவுது, இருக்கும்போதும் நிறுத்தணுமா? உங்க வாத்தியாருக்கு ரெண்டு பட்டுப்புடவை வித்துக் குடு, நிறுத்தறேன்" என்கிறார் தறிக்காரர்.

கலா முகம் வாடி ஹெட்போனை மாட்டுகிறார். திரையில் வெள்ளைக்காரர் ஒருவர் காதைத் தொட்டு, கேட்கவில்லை என்று சைகை செய்கிறார். சட்டென்று தறிகள் ஓய்கின்றன. கலா பேசத் தொடங்குகிறார்.

"நிறுத்தினது நான்தாம்மா! பாஸாயிட்டா சொல்லு!" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வருகிறது.

நான் ஏற வேண்டிய கண்ணமங்கலம் பேருந்து ஹாரன் அடிக்க, எழுகிறேன். அவர்தான் நிறுத்தினாரா, கரண்ட்தான் போனதா என்பதை நான் சரிபார்க்கவில்லை.